ஒட்டகச்சிவிங்கிக்கு எதிர் அறை

பூங்காவுக்குப் போகிறவர்கள் தங்கும் விடுதியைப் பற்றி அதிகம் கவலைப்படுவதில்லை. விடிந்ததும் ஓடப்போகிறோம், இரவு வந்து விழப்போகிறோம், கட்டில் எதுவானால் என்ன என்கிற கணக்கு. ஃப்ளோரிடாவில் டிஸ்னிக்காரர்கள் இந்தக் கணக்கை ஆரம்பத்திலேயே கலைத்துவிட்டார்கள். 1971 அக்டோபர் 1ஆம் தேதி பூங்கா திறந்தபோதே இரண்டு விடுதிகளும் கூடவே இருந்தன. ஒன்று கன்டெம்ப்ரரி, அதன் வயிற்றுக்குள்ளேயே மோனோரயில் புகுந்து போகும். மற்றது பாலினேசியத் தீவு வேடம் போட்டது. தான் மோசடிக்காரன் இல்லை என்று 1973 நவம்பரில் நிக்சன் பத்திரிகை ஆசிரியர்கள் முன்னால் சொன்னது முதல் விடுதியில். பீட்டில்ஸ் குழுவைக் கலைக்கும் பத்திரத்தில் 1974 டிசம்பரில் ஜான் லெனன் கையெழுத்துப் போட்டது இரண்டாவதில். மிக்கி எலியின் வீட்டுத் திண்ணையில் இத்தனை பெரிய சமாச்சாரங்கள் நடந்திருக்கின்றன.

நாங்கள் தங்கியது 2001இல் திறந்த அனிமல் கிங்டம் லாட்ஜில். அட்லாண்டாவில் இருக்கும் அக்கா மகள்தான் எல்லா ஏற்பாடும். "மாமா, சவன்னா பக்கத்து ரூம் கிடைச்சிருக்கு. வாடகை மட்டும் கேக்காதீங்க" என்றாள். கேட்கவில்லை. கேட்டிருந்தால் அக்கா காரை விட்டு இறங்கியிருக்கமாட்டாள்.

கட்டடத்தை வடிவமைத்தவர் பீட்டர் டொமினிக். தென்னாப்பிரிக்க மாட்டுக்கிடையின் அமைப்பில் லாட வடிவமாக வளைந்து கிடக்கிறது. கூரை வேய்ந்த உயரமான முன்மண்டபம். அங்கே கண்ணாடிக்குள் ஓர் இஜெலே முகமூடி நிற்கிறது. நைஜீரியாவின் இக்போ மக்களுடையது, இரண்டு ஆளைவிட உயரம். ஊரில் அதை ஒருமுறை ஆடவைக்க நூறு பேர் ஆறு மாதம் உழைப்பார்கள் என்று யுனெஸ்கோவின் குறிப்பு சொல்கிறது. இங்கே அதற்கு ஆட்டமில்லை. பெட்டி உருட்டிக்கொண்டு போகிறவர்கள் நிமிர்ந்து ஒரு படம் எடுத்துக்கொண்டு லிஃப்டுக்குப் போகிறார்கள். நானும் எடுத்தேன்.

பால்கனிக் கதவைத் திறந்தால் புல்வெளி. வரிக்குதிரை ஒன்று எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றது. கொஞ்சம் தள்ளி அங்கோலி மாடுகள். அந்தக் கொம்புகளைச் சுமந்துகொண்டு எப்படித்தான் குனிந்து மேய்கின்றனவோ. வேலி எதுவும் கண்ணில் படவில்லை. பள்ளத்திலும் புதரிலும் தடுப்பை ஒளித்துவைப்பதில் இவர்கள் கெட்டிக்காரர்கள். பக்கத்துப் பூங்காவில் ஃப்ளோரிடாவின் ஓக் மரங்களையே தலையைத் தட்டையாகக் கத்தரித்து ஆப்பிரிக்க அகேசியாவாக நிறுத்தியிருக்கிறார்கள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒட்டகச்சிவிங்கி வர நேரமாயிற்று. அந்த நேரம்தான் எனக்குப் பிடித்தது. பூங்காவில் எல்லாவற்றுக்கும் மணிக்கணக்கு உண்டு: இத்தனை மணிக்கு ஊர்வலம், இத்தனை நிமிடம் வரிசை. பால்கனியில் எதுவும் நடக்கவில்லை, நடக்கவேண்டும் என்கிற கட்டாயமும் இல்லை. பேரப்பிள்ளைகள் கால் மணியில் அலுத்துப்போய்த் தொலைக்காட்சிக்குப் போய்விட்டார்கள். நானும் அக்காவும் உட்கார்ந்திருந்தோம். கடைசியில் அது வந்து, எங்களுக்கு நேர் எதிரே ஒரு கம்பத்தில் கட்டியிருந்த தழையைத் தின்ன ஆரம்பித்தது. "பாத்தியாடா, சாப்பாட்டை இங்க கட்டித்தான் வரவழைக்கிறான்" என்றாள் அக்கா. அவள் மாடு வளர்த்தவள். இதெல்லாம் அவள் கண்ணுக்குத் தப்பாது. எனக்கு அதில் ஏமாற்றம் ஒன்றும் இல்லை. அது தின்றுவிட்டுத் திரும்பிப்போனது அதன் இஷ்டப்படிதான்.

இரவு போமா என்ற உணவகத்தில் பஃபே. வரிசையாக சூப் அண்டாக்கள், கிழங்குகள், வாட்டிய இறைச்சி. கோழி வைத்திருந்த இடத்தில் டர்பன் மசாலா என்று எழுதியிருந்தது. நான் தட்டோடு அங்கேயே நின்றுவிட்டேன்.

1860 அக்டோபரில் சென்னைத் துறையிலிருந்து ட்ரூரோ என்ற கப்பல் புறப்பட்டு, நவம்பர் 16ஆம் தேதி நேட்டால் துறைமுகத்தில் ஆளை இறக்கியது. அந்தத் துறைமுகம்தான் டர்பன். கரும்புத் தோட்டத்துக்கு ஒப்பந்தக் கூலிகள் தேவைப்பட்டார்கள். 1911 வரை இப்படிப் போனவர்கள் ஒன்றரை லட்சத்துக்கும் மேல். அதில் பெரும்பகுதி சென்னை மாகாணத்திலிருந்து, தமிழும் தெலுங்கும் பேசியவர்கள். படியளந்ததில் அரிசியும் பருப்பும் உப்பும் இருந்தன. மிளகாயையும் மசாலாவையும் அவர்கள் விடவில்லை. நாலைந்து தலைமுறையில் மொழி பல வீடுகளில் போய்விட்டது. நாயுடு, பிள்ளை என்று பெயரின் வாலும் செக்கச்செவேலென்ற கறிக்குழம்பும் நின்றுவிட்டன. ரொட்டியைக் குடைந்து அதற்குள் குழம்பை ஊற்றித் தரும் பன்னி சௌ இன்று டர்பன் நகரத்தின் அடையாளம்.

இந்த விடுதி காட்டும் ஆப்பிரிக்காவில் மிருகங்கள் உண்டு, முகமூடிகள் உண்டு, அஸ்தமனம்கூட அளவாக உண்டு. கரும்புத் தோட்டம் இல்லை. விடுமுறைக்குக் காசு கட்டி வந்தவனிடம் கூலிக் கப்பலின் கணக்கை யாரும் படிக்கப்போவதில்லை, அது நியாயம்தான். சுவரில் எழுதாமல் விட்டது எப்படியோ அடுப்பங்கரை வழியாக உள்ளே வந்திருக்கிறது.

இங்கே வேலை செய்கிறவர்களின் சட்டையில் பெயருக்குக் கீழே ஊரும் இருக்கும். எங்கள் மேசைக்கு வந்த பையனின் ஊர் பீட்டர்மாரிட்ஸ்பர்க். 1893இல் காந்தியை ரயிலிலிருந்து இறக்கிவிட்ட ஊர். கோழி எப்படி என்று கேட்டான். நன்றாயிருக்கிறது, ஆனால் காரமே இல்லையே என்றேன். குரலைத் தாழ்த்தி, "சார், இது ஊருக்குப் பயந்து செய்தது. எங்கள் தெருவில் பிள்ளை வீட்டு ஆச்சி சமைத்தால் நீங்கள் அழுதுகொண்டுதான் சாப்பிடவேண்டும்" என்றான். என்ன ஆங்கிலத்தில் சொன்னாலும் அந்த ஆச்சி எனக்குத் தெரிந்தவளாகவே இருந்தாள்.

அக்கா சைவம். அவளுக்கு வாய்த்தது கடைசியில் இருந்த ஜீப்ரா டோம். வெள்ளைச் சாக்லேட் மேல் கறுப்புக் கோடு போட்ட குட்டி மேடு. இரண்டு சாப்பிட்டுவிட்டு மூன்றாவதற்குக் கையை நீட்டும்போதுதான் மகள், அதில் அமருலா என்கிற தென்னாப்பிரிக்க மது கொஞ்சம் சேரும் என்ற செய்தியைச் சொன்னாள். அக்கா ஒரு கணம் யோசித்தாள். "கொஞ்சம்தானே" என்று எடுத்துக்கொண்டாள்.

காலையிலும் அதே இடம். முட்டை, அப்பம் மாதிரியான வழக்கமானவற்றைத் தாண்டிப் போனால் ஒரு பாத்திரத்தில் பாப். வெள்ளை மக்காச்சோள மாவில் கிண்டிய கூழ். அக்கா அதை ஒரு கிண்ணம் எடுத்துவந்து, தயிர் கேட்டு வாங்கி, உப்புப் போட்டுக் கையாலேயே கரைத்தாள். மகளுக்கு வெட்கம் தாங்கவில்லை. தட்டு எடுக்க வந்த போட்ஸ்வானாப் பெண் நின்று பார்த்தாள். தன் பாட்டியும் சோளக் கூழில் புளித்த பாலைத்தான் ஊற்றிக்கொள்வாள் என்றாள். மகள் மொழிபெயர்த்ததும் அக்கா நிமிர்ந்து, "தொட்டுக்க என்ன வெச்சுக்குவாங்களாம், கேளு" என்றாள்.

அந்தப் பெண் கீரை என்றாள், சில நாள் இறைச்சி என்றாள். அக்காவுக்குத் திருப்தியில்லை, ஊறுகாய் வேண்டும். நல்ல பூண்டு ஊறுகாய் பக்கத்துக் கட்டடத்தில் சனா என்ற உணவகத்தில் ரொட்டியோடு தருவார்கள், ஆனால் மதியம்தான் கிடைக்கும் என்று தகவல் வந்தது. அறையைக் காலிசெய்யவேண்டியது பதினோரு மணிக்கு. "மதியம் வரைக்கும் இருக்கலாமான்னு கேளு" என்றாள், முந்தின நாள் வாடகையைத் தெரிந்துகொள்ளாத தைரியத்தில்.