கூரை யாருடையது?

ஐப்பசி அடைமழை. நாம் பணியாற்றும் சிற்றூர்ப் பள்ளியில் ஆறாம் வகுப்பின் ஓட்டுக்கூரை ஒழுகியது. பிள்ளைகளை ஒரு மூலைக்கு ஒதுக்கினோம். ஒழுகிய இடத்தில் சத்துணவு அண்டாவை வைத்தோம். நாம் வரலாறு நடத்த, அண்டா தாளம் போட்டது!

வலங்கைமானிலிருந்து நாள்தோறும் பேருந்தில் போய்வரும் ஆசிரியர் நாம். கலைப் பட்டம் பெற்று, பணியில் சேர்ந்து மூன்றாண்டுகூட ஆகவில்லை. கூரை ஒழுகினால் யாருக்கு எழுதுவது என்பதைக் கல்லூரியில் எவரும் கற்றுத்தரவில்லை. ஓர் அலுவலகத்துக்கு எழுதினோம். "ஆசிரியர்தாம் எங்கள் பொறுப்பு, கட்டடம் ஒன்றியத்தினுடையது" என்றனர். மற்றோர் அலுவலகத்துக்குச் சென்றோம். "பள்ளி கல்வித்துறையினது, அங்கே கேளுங்கள்" என்றனர். பள்ளியின் பெயர்ப்பலகையோ, 'ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளி' என்கிறது. பலகை ஒன்றியத்துக்கு, பாடம் அரசுக்கு, ஒழுகும் நீர் பிள்ளைகளுக்கு!

தோழர்களே, நகைக்க வேண்டாம். இது நூறாண்டு வழக்கு. 1920இல் வந்த சென்னைத் தொடக்கக் கல்விச் சட்டம், உள்ளாட்சி மன்றங்கள் கல்விவரி விதிக்க வழி செய்தது. அதே ஆண்டில், பிட்டி தியாகராயர் தலைமையில் இயங்கிய சென்னை மாநகராட்சி, ஆயிரம்விளக்குப் பள்ளியின் ஏழைப் பிள்ளைகளுக்குப் பகலுணவு அளித்தது. 1925இல் அது நின்றது. ஏன்? தொடக்கக் கல்வி நிதியிலிருந்து சோறு போடக் கூடாதென மேலிருந்த ஆட்சி தடுத்தது. ஊர் மன்றம் இட்ட சோற்றைக் கோட்டை பறித்த கதை அது. தஞ்சையிலும் மன்றம் வாளாவிருக்கவில்லை. ஏ. டி. பன்னீர்செல்வம் மாவட்டக் கழகத் தலைவராக இருந்த 1920களில்தான் திருவையாற்று வடமொழிக் கல்லூரிக்குள் தமிழ் நுழைந்தது.

அப்படியானால் எல்லாவற்றையும் ஊரிடமே ஒப்படைத்துவிடலாமா? கூடாது என்கிறார், ஓய்வுபெற்ற முதிய ஆசிரியர் ஒருவர். 1958ஆம் ஆண்டு ஊராட்சிச் சட்டத்தின்வழி அமைந்த ஒன்றியங்களில் ஊழியம் பார்த்தவர் அவர். சம்பளம் எந்தத் தேதியில் வரும் என்று தெரியாது. தலைவர் வீட்டுத் திண்ணையோரம் நின்றால்தான் இடமாறுதல் நிற்கும். சேரிப் பிள்ளையை முன்வரிசையில் அமர்த்திய ஆசிரியர் மறுவாரம் எந்த ஊரில் இருப்பாரோ! நிலம் எவர் கையிலோ மன்றமும் அவர் கையில் என்பது காவிரிப் படுகை கண்ட உண்மை. 1981 ஜூன் முதல் நாளன்று ஒன்றிய ஆசிரியர்கள் அரசு ஊழியர்களானபோது, இனிப்பு வாங்கித் தெருவுக்கே கொடுத்தாராம் அவர்.

கோட்டையும் குற்றமற்றதன்று. 1953இல் சிற்றூர்ப் பள்ளிகளின் நேரத்தை மூன்று மணியாகக் குறைத்து, எஞ்சிய பொழுதில் அப்பன் தொழிலைக் கற்கச் சொன்ன திட்டம் கோட்டையிலிருந்தே வந்தது. சட்டமன்றத்தையும் கேட்கவில்லை, சிற்றூரையும் கேட்கவில்லை. நாடு கொதித்தெழுந்தது; 1954இல் காமராசர் ஆட்சி அதைக் கைவிட்டது. 1956இல் மதிய உணவை நாடெங்கும் பரப்பியதும் அதே கோட்டைதான். ஆகவே எந்தக் கையையும் நாம் வணங்கத் தயாரில்லை.

இங்கே நம்மவர்க்கு ஒரு கேள்வி. கசந்தாலும் கேட்டே ஆகவேண்டும். 1976இல் கல்வியைப் பொதுப்பட்டியலுக்குக் கொண்டுபோன தில்லியை நாம் கண்டிக்கிறோம். கண்டிப்பது நியாயமே. தில்லியிடம் உரிமை கேட்கும் சென்னை, ஒன்றியத்துக்கு எதைக் கொடுத்தது? 1992ஆம் ஆண்டின் 73ஆம் திருத்தம், ஊராட்சிகளுக்குத் தரத்தக்க 29 பொருள்களில் பதினேழாவதாகப் பள்ளிக் கல்வியைக் குறித்தது. 'தரலாம்' என்றது, 'தரவேண்டும்' என்று சொல்லவில்லை. அந்த 'லாம்' என்னும் ஈரெழுத்தில் அடங்கிக் கிடக்கிறது நம் கூரை. 2016 முதல் 2019 வரை ஒன்றியங்களுக்குத் தேர்தலே நடக்கவில்லை. தனி அலுவலர் ஆட்சி. கூரையைக் கேட்க, வாக்குக் கேட்டு வந்த முகம் ஒன்றேனும் வேண்டாமா?

ஆசிரியர் நியமனமும் ஊதியமும் அரசிடமே இருக்கட்டும். அதில் நமக்கு ஐயமில்லை. நம் நாற்காலி பத்திரமாக இருப்பதால் இதைச் சொல்லவில்லை. சரி, சிறிது அதனாலும்தான்! ஆனால் கூரை, கழிப்பறை, குடிநீர் இவற்றுக்கு அதிகாரமும் வேண்டும், அதற்குரிய பணமும் வேண்டும். இரண்டும் ஊருக்கு அருகே இருக்கவேண்டும்.

2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டப்படி அமைந்த பள்ளி மேலாண்மைக் குழு சென்ற வெள்ளியன்று கூடியது. உறுப்பினருள் முக்கால் பங்கினர் பெற்றோர், பாதிப் பேர் பெண்கள் என்பது சட்டம். நடவு வயலிலிருந்து சேறு காயாத காலோடு வந்த ஒரு தாய், நாம் இரு அலுவலகக் கதையையும் சொல்லி முடிக்கும்வரை பொறுமையாகக் கேட்டார். பிறகு சொன்னார்:

"ரெண்டு பேருக்கும் ஒரே காகிதத்துல எழுதுங்க சார். ரெண்டு பேரையும் ஒரே நாள்ல இங்க வரச் சொல்லுங்க. மழை பெய்யுற நாளாப் பாத்து."

தீர்மானப் புத்தகத்தில் அப்படியே எழுதினோம். அவர்தான் முதலில் கையெழுத்திட்டார்.