பேனல் கதவில் ஒட்டி வைக்க

கொழிஞ்சாம்பாறை,
ஞாயிறு இரவு.

அன்புத் தம்பிக்கு,

அண்ணன் எழுதுவது. அம்மாவுக்கு முட்டுவலி கொஞ்சம் தேவலை. நேற்று சாயங்காலம் நீ மூன்று தடவை கூப்பிட்டாய். மூன்று தடவையும் "டிரையர் பி.எல்.சி. எந்திரிக்கவே மாட்டேங்குதுண்ணா" என்பதோடு லைன் போய்விட்டது. துலா மழை இடித்தால் உங்கள் சூரியநெல்லியில் முதலில் படுப்பது டவர்தான். 780 மெகாவாட் மூலமற்றம் பவர் ஹவுஸை ஜில்லாவில் வைத்துக்கொண்டு நீங்கள் மெழுகுவத்தி ஏற்றுவதை என்னவென்று சொல்ல! நீ அனுப்பிய போட்டோவும் கூடவே எழுதியதும் மட்டும் ராத்திரி வந்து விழுந்தன. காலையில் மூணாறுக்கு வரும் பையனிடம் இதைக் கொடுத்து விடுகிறேன். படித்துவிட்டுப் பேனல் கதவின் உள்பக்கம் ஒட்டி வை. அடுத்த இடி வரத்தானே போகிறது.

போட்டோவில் இருப்பது உங்கள் தேயிலை டிரையரை ஓட்டும் பி.எல்.சி., சீமென்ஸ் எஸ்7-300. ஒரு விளக்கும் எரியவில்லை, 'டி.சி.5வி' என்று போட்ட பச்சைகூட இல்லை. உடனே "பிராசஸர் போச்சு, புதுசு வாங்கணும்" என்று ஃபாக்டரி டீமேக்கரிடம் சொல்லிவிட்டாயாம். அவசரப்பட்டுவிட்டாய். கஞ்சிக்கோட்டில் வேலை பார்த்த இத்தனை வருஷத்தில் பிராசஸரே செத்துப் போன கேஸ் நான் பார்த்தது இரண்டோ மூன்றோதான். மற்றதெல்லாம் கரண்ட் என்ற சோறு போகாமல் படுத்தவை.

பத்துத் தடவை ஆஃப் பண்ணி ஆன் பண்ணினேன் என்கிறாய். அதை முதலில் நிறுத்து. ஒவ்வொரு ஆனுக்கும் பழைய பவர் சப்ளை ஒரு அடி வாங்குகிறது. இந்தப் பி.எல்.சி. வம்சத்தின் மூத்த பிள்ளை, 1969-இல் வந்த மோடிகான் 084. அதை உருவாக்கிய டிக் மார்லியின் கம்பெனிக்கு அது 84-ஆவது வேலை, அதனால் அந்தப் பேர். அதில் ஆன்-ஆஃப் ஸ்விட்சே வைக்கவில்லை. உன்னை மாதிரி ஆட்களை மனசில் வைத்துத்தான் போலும்.

இப்போது மல்டிமீட்டரை எடு. சி.பி.யு.வின் எல்+, எம் டெர்மினலிலேயே வைத்து அள. வயரைக் கழற்றிவிட்டு அளந்து "24 இருக்கே" என்று சொல்லாதே. பழைய சப்ளை வெறும்கையாய் நிற்கும்போது 24 காட்டும்; சுமை ஏறினால் 17, 15 என்று தொங்கும். உள்ளே கெபாசிட்டர் தலை உப்பியிருக்கும். பேனல் சூடு பத்து டிகிரி ஏறினால் கெபாசிட்டர் ஆயுள் பாதியாகும் என்பது எங்கள் கணக்கு. பாலக்காட்டு வெயிலில் அதைக் கண்ணால் பார்க்கிறேன். உங்களுக்கு வெயில் இல்லை, ஆனால் தேயிலைப் பஞ்சு இருக்கிறது. ஃபேன் வலையில் கம்பளி மாதிரி அது படிந்தால் மலையென்ன, சமவெளியென்ன.

வோல்டேஜ் தொங்கினால் உடனே சப்ளையைக் குறை சொல்லவும் வேண்டாம். இடி விழுந்த மறுநாள் நான் சந்தேகப்படுவது நீள வயரை. உங்கள் விறகு அடுப்புப் பக்கம் போகிற சென்சார் கேபிள் எத்தனை மீட்டர் வெளியில் கிடக்கிறது? அங்கே ஒன்று ஷார்ட் ஆனால் மொத்த 24-ஐயும் கீழே இழுத்துவிடும். சப்ளையை ஆஃப் பண்ணு, எல்லாக் கார்டுகளின் முன் கனெக்டரையும் கழற்று, ஆன் பண்ணு. பச்சை எரிந்தால் சந்தோஷப்படு. பிறகு ஒவ்வொன்றாய், ஒவ்வொரு தடவையும் ஆஃப் பண்ணிவிட்டு, திரும்ப மாட்டு. எதை மாட்டினதும் பச்சை அணைகிறதோ அந்த வயரைப் பிடித்துக்கொண்டு அடுப்புவரை நட.

இனி எழுதுவதை அம்மாவிடம் மட்டும் சொல்லாதே. நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் எங்கள் பிளாண்டில் பழைய சீமென்ஸ் எஸ்5 ஒன்று இருந்தது. புரோகிராம் முழுக்க ரேமில், அதைத் தாங்குவது ஒரு லித்தியம் பேட்டரி. பேட்டரி விளக்கு எரிகிறது, மாற்று என்றார்கள். கரண்ட் வேலை செய்யும்போது முதலில் என்ன செய்வோம்? ஆஃப் பண்ணுவோம். நானும் பண்ணினேன். பேட்டரியைக் கழற்றினேன், புதுசு போட்டேன், ஆன் பண்ணினேன். புரோகிராம் காணோம். அந்த ஒரு வேலையை மட்டும் சப்ளை ஆனில் இருக்கும்போதுதான் செய்யவேண்டும் என்று புத்தகத்தில் கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. புத்தகம் மானேஜர் அலமாரியில் பூட்டிக் கிடந்தது. நகலும் இல்லை. பழைய பிரிண்ட் தாளைப் பார்த்து நாலு நாள் டைப் அடித்தோம். ஐந்தாம் நாள் வீட்டுக்கு வந்து சோறுகூடத் தின்னாமல் தூங்கினேன். அம்மாவுக்கு இன்னும் காரணம் தெரியாது.

உன்னுடையதில் பேட்டரி இல்லை, சின்ன மெமரி கார்டு இருக்கிறது. சப்ளை ஓடும்போது அதை உருவாதே. ஆபீஸ் கம்ப்யூட்டரில் செருகி, 'ஃபார்மேட் பண்ணவா' என்று அது கேட்டால், சத்தியமாக வேண்டாம். பச்சை வந்த பிறகு ஸ்டாப் விளக்கு மெதுவாக மின்னினால் அது மெமரி ரீசெட் கேட்கிறது. ரீசெட் பண்ணும் ஸ்விட்சைத் தொடும் முன், இத்தனை வருஷமாய் டீமேக்கர் கூட்டிக் குறைத்து வைத்த சூடு, நேரம் எல்லாம் நோட்டில் எழுதியிருக்கிறதா என்று கேள். ரீசெட் ஆனால் கார்டிலிருந்து புரோகிராம் திரும்ப வரும். அவர் மாற்றி வைத்த அளவுகள் வராமல் போகலாம். எல்லா விளக்கும் சேர்ந்து மின்னினால் மட்டும் பிராசஸரைச் சந்தேகப்படு. அப்போது என்னைக் கூப்பிடு, நான் பஸ் ஏறுகிறேன்.

சி.டி.சி. மிஷினில் அரைத்த தேயிலைத் தூள் காத்திருக்காது, புளித்துப் போகும், எனக்குத் தெரியும். அதற்காக "ரெண்டு வயரை முடிச்சுப் போட்டு டிரையரை ஓட்டு" என்று யார் சொன்னாலும் கேட்காதே. சூட்டைக் கவனிக்க ஆளில்லாத டிரையரில் தேயிலை பற்றிக்கொள்ளும். ஒரு நாள் கொழுந்து போனால் போகட்டும்.

மிஷின் எழுந்ததும் முதல் வேலையாக, லேப்டாப் வைத்திருக்கும் இன்ஜினியரைப் பிடித்துப் புரோகிராமை நகல் எடுத்து இரண்டு பென்டிரைவில் போடு. ஒன்று அங்கே இருக்கட்டும். இன்னொன்றைப் பொங்கலுக்கு வரும்போது கொண்டு வா, அம்மா பீரோவில் வைக்கலாம்.

உன் அண்ணன்