கண் கூசாத வெளிச்சம்

நுவரெலியாவிலிருந்து இராகலைக்குச் செல்லும் வழியில் உள்ளது கந்தப்பளை. இங்குள்ள குண்டும் குழியுமான தோட்டப் பாதைகளில் ஆண்டுக்கணக்காக ஓடும் வேன்களின் முன்விளக்குகள் நாளடைவில் நிலை பிசகிவிடுகின்றன.

ஆதலால், ஒரு மாலையில் எங்கள் பழைய வேனைச் சமதரையில், லயத்துச் சுவருக்கு 10 மீற்றர் எதிரே நிறுத்தினோம். டயர்களின் காற்றைச் சரிபார்த்தோம். விளக்குகளின் நடு உயரத்தைச் சுவரிலே குறித்து, அதற்கு 10 சென்ரிமீற்றர் கீழே கோடு இழுத்தோம். 'டிம்' வெளிச்சத்தின் மேல்விளிம்பு அக்கோட்டிலே படியும்வரை திருகாணியைத் திருப்பினோம்.

மேல்நோக்கிய ஒளி மூடுபனியின் நீர்த்துளிகளிற் பட்டுச் சிதறி, ஓட்டுபவரின் கண்ணுக்கே திரும்புகிறது. விளக்கற்ற வளைவிலே, விடியலிற் பெரட்டுக்கு நடக்கும் பெண்ணின் பார்வையையும் அது பறிக்கிறது. ஒருபுறம் மண்மேடு, மறுபுறம் பள்ளம். அவள் எங்கே ஒதுங்குவாள்?

பாதை, நடப்பவருக்கும் உரியது. அவர் கண்ணைக் கூசவைக்காமல் வழிகாட்டுவதே நல்ல வெளிச்சம்.