மழைக்கு ஒரு மிதிவண்டி

மழைக்கு எந்த மிதிவண்டி நல்லது என்று மாணவர் சிலர் வினவினர். இலக்கண ஐயம் அன்று. எனினும் விடை கூறக் கடமைப்பட்டுள்ளோம்.

சென்ற ஐப்பசிக்கு முன் எம் மகனுக்கு வண்டி வாங்கப் புறப்பட்டோம். பதினொன்றாம் வகுப்பில் அரசு வழங்கிய வண்டி தங்கை கைக்குப் போய்விட்டது. அன்னூரிலிருந்து சத்தியமங்கலம் வரை நண்பர்களோடு சென்றுவர அவனுக்கு ஆசை, எமக்கோ பணவரம்பு. கடையில் அவன் கண் முன்னும் பின்னும் ஸ்பிரிங் வைத்த கியர் வண்டியில் நிலைத்தது. எம் கண் சக்கர வளையத்தைத் தேடியது.

காரணம் உண்டு. 1990களில் ஒரு மழைநாளில் அத்தாவின் வண்டியை இறக்கத்தில் ஓட்டி வந்தோம். முலாம் பூசிய இரும்பு வளையம் நனைந்ததும் பிரேக் கட்டை வழுக்கியது. எவ்வளவு இறுக்கியும் வண்டி நிற்கவில்லை. எதிரே விறகுச் சுமையோடு ஒரு மூதாட்டி. வேலிக்குள் திருப்பினோம். முழங்கையில் தழும்பு இன்றும் உண்டு. ஓடிவந்த அத்தா முதலில் வண்டியைத்தான் தூக்கிப் பார்த்தார் என்ற மனத்தாங்கலும் உண்டு!

அலுமினிய வளையத்தை ரப்பர் கட்டை ஈரத்திலும் ஓரளவு பற்றும். நீரைத் துடைக்கச் சக்கரம் ஓரிரு சுற்றுச் சுழல வேண்டும், அவ்வளவே. டிஸ்க் பிரேக் அச்சருகே இருப்பதால் ஈரம் அதனை அத்துணை பாதிப்பதில்லை. எம் வரம்புக்குள் கிடைத்தவையோ பளு மிகுந்தவை. மலிவான ஸ்பிரிங்கும் பளுவைக் கூட்டுமேயன்றித் தார்ச்சாலையில் பெரிதும் உதவாது.

எனவே ஸ்பிரிங் இல்லாத, அலுமினிய வளையமும் சற்றே அகன்ற டயரும் உடைய வண்டியை எடுத்தோம். மிஞ்சிய பணத்தில் முழுநீள மட்கார்டும் கேரியரும் பூட்டச் செய்தோம்.

“பால்காரர் வண்டி மாதிரி ஆயிடுச்சு அத்தா” என்றான். பின்சக்கரம் முதுகில் சேறு வாரியடிப்பதை அவன் அறியான்.

முதல் மழையன்று, இறக்கத்தின் அடியில் குடையோடு நின்று, அவனை நிறுத்திக்காட்டச் சொன்னோம். நிறுத்தினான், யாம் நினைத்ததைவிட இரண்டடி தள்ளி.