பட்சிராஜனைப் பார்த்தவர்கள்

தொல்காப்பிய மெய்ப்பாட்டியலை வகுப்பில் நடத்துகிறவனுக்கு ஆண்டுதோறும் ஒரு சிக்கல் வரும். நகை, அழுகை, அச்சம், வெகுளி இவற்றுக்கெல்லாம் எடுத்துக்காட்டுக் கேட்டால் மாணவர்கள் தாமாகவே பத்துச் சொல்வார்கள். மருட்கை என்றதும் வகுப்பு அமைதியாகிவிடும். 'வியப்பு' என்று பொருள் சொன்னாலும் முகங்களில் எந்த மாற்றமும் இராது. புதுமை, பெருமை, சிறுமை, ஆக்கம் என்னும் நான்கும் மருட்கை பிறக்கும் நிலைக்களன்கள் என்று கரும்பலகையில் எழுதிப்போட்டுவிட்டு அடுத்ததற்குப் போவதுதான் என் வழக்கமாக இருந்தது. 2018ஆம் ஆண்டின் இறுதியில் ஷங்கரின் '2.0' வெளிவந்த பிறகு அந்தத் தொல்லை நீங்கியது. மேசையில் கிடக்கும் கைப்பேசி தானாகப் பறந்து போவது புதுமை. கோடிக்கணக்கான கைப்பேசிகள் திரண்டு வானை மறைக்கும் பறவையாக நிற்பது பெருமை. புறாவின் மேலேறி வரும் குட்டிச் சிட்டி சிறுமை. ஒரு பொருள் வேறொரு பொருளாகத் திரிவது ஆக்கம். படம் முழுக்க அதுதான். ஆயிரக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் எழுதிய நூற்பாவை முன்னால் வைத்துக்கொண்டு படம் எடுத்தார்களோ என்றுகூட ஒரு மாணவன் கேட்டான். வகுப்பு சிரித்தது.

இந்தக் கட்டுரை அந்தப் படத்தைப் பற்றியதன்று. அதைப் பார்த்தவர்களைப் பற்றியது. அவர்களில் நானும் ஒருவன் என்பதால் கொஞ்சம் என்னைப் பற்றியதும்கூட.

படம் 2018 நவம்பர் 29 அன்று வெளியானது. 2010 அக்டோபரில் வந்த 'எந்திர'னின் தொடர்ச்சி. முதற்படத்தின் உரையாடலில் பங்காற்றிய சுஜாதா அது வெளிவரும் முன்பே, 2008இல், மறைந்துவிட்டார். இரண்டாவதற்கு ஷங்கருடன் சேர்ந்து எழுதியவர் ஜெயமோகன். இலக்கியம் பேசுகிற நண்பர்கள் சிலர் இந்த ஒரு காரணத்துக்காகவே படத்தைப் பார்க்கப் போனார்கள். வேறு சிலர் இதே காரணத்துக்காகப் போகாமல் இருந்தார்கள். நம் இலக்கிய உலகம் அப்படிப்பட்டது.

நான் இருமுறை பார்த்தேன். முதல்முறை சங்கரன்கோவிலில், வெளியான மறுநாள் மாலைக் காட்சி, சாதாரணத் திரையில். அரங்கு நிறைய இளைஞர்கள். என் கல்லூரி மாணவர்களும் இருந்தார்கள். என்னைக் கண்டதும் விசிலைப் பாதியில் விழுங்கிக்கொண்டார்கள். ரஜினிகாந்த் திரையில் தோன்றியபோது அரங்கின் எல்லாத் திசைகளிலும் சிறுசிறு வெளிச்சச் சதுரங்கள் உயர்ந்தன. கைப்பேசிகள். கைப்பேசிகள் நம்மைப் பழிவாங்கும் கதையை இருநூறு கைப்பேசிகள் தலைக்குமேல் நின்று பார்த்துக்கொண்டிருந்தன. இதிலுள்ள முரண் அப்போது எனக்கு உறைக்கவில்லை. எனக்கு முன்னாலிருந்தவனின் கைப்பேசி திரையை மறைத்த எரிச்சல்தான் இருந்தது.

வீதியெங்கும் கைப்பேசிகள் பாம்புபோல் ஊர்ந்து வரும் காட்சியில் எழுந்த ஒலியைப் பற்றிச் சொல்ல வேண்டும். அது கைத்தட்டலும் அன்று, விசிலும் அன்று. மூச்சை உள்ளிழுக்கும்போது எழும் ஒரு 'ஹா'. நூற்றுக்கணக்கானவர்கள் ஒரே நேரத்தில் அப்படிச் செய்தால் அரங்கின் காற்றே குறைந்ததுபோல் இருக்கிறது. இந்த ஒலி எனக்குப் பழக்கமானது. எங்களூர்க்காரர் யாருக்கும் பழக்கமானதே. ஆடித்தபசு நாளில் மாலை வெயில் சாயும்வரை கோமதி அம்மன் தவக்கோலத்தில் வீதியில் காத்திருப்பாள். அவளோடு பல்லாயிரம் பேரும் காத்திருப்பார்கள். சங்கனும் பதுமனும் என்ற இரு நாகர்கள் சிவன் பெரியவரா திருமால் பெரியவரா என்று பூசலிட்டதால் வந்த தவம் அது. இறைவன் பாதி சிவனும் பாதி திருமாலுமாகச் சங்கரநாராயணராய்க் காட்சி கொடுக்கும் அந்த நொடியில் வீதியில் எழுவதும் அதே 'ஹா'தான். ஒன்று இன்னொன்றாக நிற்பதைக் காணக் காத்துக் கிடப்பது எங்களூருக்குப் புதிதன்று. எனவே 'வெறும் கிராபிக்ஸ்' என்று உதட்டைச் சுழிக்கிறவர்களோடு என்னால் முழுதும் சேர முடிவதில்லை. காட்சியைக் காண வந்தவனிடம் கதை எங்கே என்று கேட்பது ஒருவகையில் மரியாதைக் குறைவு. (நாகர் வழிபட்ட ஊரில் கருடனின் பெயர் கொண்ட பட்சிராஜன் திரையில் பறந்தது தற்செயல்தான். அரங்கைவிட்டு வரும்போது இதைச் சொன்னேன். உடன்வந்த நண்பர் ரசிக்கவில்லை.)

இரண்டாம் முறை திருநெல்வேலியில், முப்பரிமாணத்தில். டிசம்பர் 2, ஞாயிறு. அப்பாவையும் மகனையும் அழைத்துப் போனேன். மகனுக்கு அப்போது ஒன்பது வயது. அப்பாவுக்கு எழுபத்து நான்கு. விசைத்தறிக் கூடத்தில் நாற்பது ஆண்டுகள் நின்றவர், அந்த இரைச்சலில் காது சற்று மந்தம். இந்தப் படம் தட்டையாக எடுத்து முப்பரிமாணத்துக்கு மாற்றியதன்று. முப்பரிமாணக் கேமராக்களாலேயே எடுத்தது. ரசூல் பூக்குட்டியின் ஒலியமைப்பு வேறு. கண்ணாடியை மாட்டிய மகன் முதல் சில நிமிடங்களிலேயே கையை நீட்டிக் காற்றைப் பிடிக்கத் தொடங்கிவிட்டான். 1984இல் 'மை டியர் குட்டிச்சாத்தான்' வந்தபோது திரையிலிருந்து நீண்டுவந்த ஐஸ்கிரீமுக்குப் பிள்ளைகள் கைநீட்டியதைப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். முப்பத்து நான்கு ஆண்டுகளில் கை மாறியிருக்கவில்லை. ராட்சதப் பறவை அலகைத் திறந்து பாய்ந்தபோது எங்கள் வரிசை முழுவதும் குனிந்து நிமிர்ந்தது. அப்பாவும் குனிந்தார். பிறகு தான் குனிந்ததை எண்ணித் தானே சிரித்துக்கொண்டார்.

பட்சிராஜனின் முன்கதை வந்தது. பறவைகளை ஆராய்ந்து வாழும் முதியவர். அட்சய் குமார் நடித்தது. அந்தத் தோற்றத்தில் சலீம் அலியின் சாயலைக் காணாதவர் இல்லை. கைப்பேசிக் கோபுரங்களின் அலைவீச்சால் தம் பறவைகள் சாகின்றன என்று நம்புகிறார். முறையிடுகிறார், மன்றாடுகிறார், அவமானப்படுகிறார், எங்கும் நியாயம் கிடைக்காமல் ஒரு கோபுரத்தில் ஏறித் தூக்கிட்டுக்கொள்கிறார். அழுகை பிறக்கும் நிலைக்களன்கள் இளிவு, இழவு, அசைவு, வறுமை. இகழப்படுதல், இழத்தல், முன்பிருந்த நிலை கெடுதல், ஒன்றுமற்றுப் போதல். நான்கையும் அந்த ஒரு மனிதர்மேல் ஏற்றியிருந்தார்கள்.

அந்தப் பகுதியில் அரங்கு என்ன செய்தது? சிலர் வெளியே போய் வந்தார்கள். பலர் கைப்பேசியைத் திறந்தார்கள். 'எப்பண்ணே சிட்டி வருவான்?' என்று பின்வரிசையில் ஒரு குரல். என் மகன் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, திரையிலிருந்து ஒன்றும் வெளியே வரவில்லை என்று என்னிடம் முறையிட்டான். அப்பாவும் கண்ணாடியைக் கழற்றியிருந்தார். மங்கலாகத் தெரியுமே, போட்டுக்கொள்ளுங்கள் என்று சொல்லத் திரும்பினேன். அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். நான் திரையைப் பார்க்கத் திரும்பிக்கொண்டேன்.

மறுவாரம் கல்லூரியின் ஆசிரியர் அறையில் இதே பேச்சு. இயற்பியல் நண்பர் கொதித்துப்போயிருந்தார். ஆவி, ஒளிவட்டம், நேர்மறை எதிர்மறை ஆற்றல் என்று அறிவியலை மந்திரமாக்கிவிட்டார்கள் என்றார். படம் வருவதற்கு முன்பே செல்லுலார் நிறுவனங்களின் சங்கம், கைப்பேசியையும் கோபுரங்களையும் பற்றிப் படம் தவறான கருத்தைப் பரப்புகிறது என்று தணிக்கை வாரியத்திடம் முறையிட்டிருந்தது. வணிகர்கள் தம் வயிற்றுப்பாட்டுக்குச் சொன்னாலும் சொன்னது பிழையில்லை என்பது அவர் கட்சி. வணிகவியல் நண்பருக்கு ஐந்நூறு கோடிக்குமேல் செலவானதாக வந்த செய்தி மட்டுமே கணக்கு. நான் இயற்பியல் பக்கம் சேர்ந்துகொண்டேன். தமிழாசிரியன் அறிவியல் பேசினால் கிடைக்கும் மதிப்பு இருக்கிறதே, அதற்கு நான் எப்போதும் கொஞ்சம் மயங்குபவன்.

அந்த மயக்கத்தில்தான் அந்தப் பருவத்து ஒப்படைவுகளைத் திருத்தினேன். கரிசல் கிராமமொன்றிலிருந்து வந்து படித்த மாணவி ஒருத்தி, குறுந்தொகையில் மாமலாடன் பாடிய பாட்டையும் இந்தப் படத்தையும் சேர்த்து எழுதியிருந்தாள். பிரிந்து போன தலைவனை எண்ணும் தலைவி, வீட்டுக் குருவிகள் முற்றத்துத் தானியத்தைத் தின்று புழுதியில் ஆடி, மாலையில் இறப்பில் குஞ்சுகளோடு அடங்குவதைச் சொல்லி, அவர் போன நாட்டில் இந்த மாலையும் தனிமையும் இல்லையோ என்று தோழியிடம் கேட்கும் பாட்டு. குருவியைக் கண்டால் வீடு நினைவு வர வேண்டும், அதுதான் பாட்டின் கணக்கு என்று எழுதியிருந்தாள். இப்போது வீட்டில் இருப்பவர்களுக்கே குருவி இல்லை, கோபுரங்கள் கொன்றுவிட்டன, திரையரங்கில் பட்சிராஜனுக்காகத் தான் மட்டும் அழுததாகவும், தோழியர் கேலி செய்ததாகவும் ஒரு பத்தி. 'அறிவியல் ஆதாரம் இல்லை. சினிமாவை நம்பி ஆய்வு செய்யக்கூடாது' என்று சிவப்பு மையில் எழுதி மதிப்பெண்ணைக் குறைத்தேன்.

அவள் மதிப்பெண்ணைப் பற்றிக் கேட்க வரவில்லை. தாளை வாங்கிக்கொண்டு நின்றாள். "ஐயா, டவர் காரணமில்லைனே வச்சுக்கிடுவோம். குருவி இல்லாதது நெசந்தான?" என்றாள்.

என்னிடம் பதில் இருக்கவில்லை. "பாடத்தைப் படிம்மா" என்றோ என்னவோ சொல்லி அனுப்பினேன்.

2020இல் இந்தியப் பறவைகளின் நிலை குறித்த அறிக்கை வெளிவந்தது. ஆயிரக்கணக்கான பறவை நோக்குநர்களின் பதிவுகளைத் தொகுத்துச் செய்தது. சிட்டுக்குருவி நாடு முழுதுமாகப் பார்த்தால் கால் நூற்றாண்டுக்கு மேலாக ஏறத்தாழ நிலையாக இருக்கிறது, பெருநகரங்களில் குறைந்திருக்கிறது, கைப்பேசிக் கோபுரங்களே காரணம் என்பதற்குச் சான்றில்லை என்றது. நான் சரி. இயற்பியல் நண்பரும் சரி. கூடு கட்ட இடமின்மையும் குஞ்சுகளுக்கு ஊட்டப் பூச்சி இன்மையும் காரணமாகலாம் என்று அதில் படித்தபோது மட்டும் அறிக்கையை மூடிவைத்தேன்.

ஏனென்றால், படம் முடிந்து திருநெல்வேலியிலிருந்து பேருந்தில் திரும்பும்போது அப்பா ஒன்று கேட்டிருந்தார். பையன் என் மடியில் தூங்கிவிட்டான். மானூர் தாண்டியிருக்கும். "ஏய்யா, நம்ம தெருவுல டவரு எப்ப வந்துச்சு?"

2012, 13 இருக்கும் என்றேன்.

"அதுக்கு முன்னாடியே குருவி போயிட்டுல்லா?"

ஆம் என்று சொல்லவில்லை. 2009இல் ஓட்டு வீட்டைப் பிரித்துக் காங்கிரீட் போட்டது நான். கல்லூரி வேலை நிலையான மகிழ்ச்சியில் வங்கிக் கடன் வாங்கிச் செய்த முதல் காரியம் அது. கைமரத்துக்கும் ஓட்டுக்கும் இடையில் இருந்த கூடுகளைக் கொத்தனார் இறக்கி வைத்தபோது ஒன்றில் குஞ்சு இருந்தது. அப்பா அதை ஒரு கொட்டானில் வைத்து வேப்பமரத்தில் கட்டினார். இரண்டு நாள் தாய்க்குருவி வந்து போனது. மூன்றாம் நாள் என்ன ஆயிற்று என்று நான் கேட்கவில்லை; தளம் போடும் வேலை இருந்தது. பின்னர் அவரும் அதைப் பற்றி என்னிடம் பேசியதில்லை. முற்றத்தையும் சேர்த்து மூடிவிட்டதால் கம்பு காயப்போடும் வேலையும் நின்றது.

சலீம் அலியின் தன்வரலாற்றுக்குப் பெயரே ஒரு குருவியின் வீழ்ச்சியைச் சொல்வது. சிறுவனாகப் பொம்மைத் துப்பாக்கியால் அவர் வீழ்த்திய மஞ்சள்கழுத்துக் குருவியிலிருந்துதான் அவருடைய பறவை ஆய்வே தொடங்கியது. படத்தில் பட்சிராஜன் யாரையும் வீழ்த்தியவரல்லர் முதலில். அவருக்குக் குற்றவாளிகள் வெளியே இருக்கிறார்கள். கைப்பேசி வணிகர், நிறுவன முதலாளி, அமைச்சர். அவர்கள் செத்தபோது அரங்கு ஆரவாரித்தது. நானும் ஆரவாரித்தேன் என்றே நினைக்கிறேன். அங்கே ஓட்டைப் பிரித்தவன் யாரும் இல்லை. அழுகைப் பகுதியில் ஏன் இத்தனை பேர் கைப்பேசியைத் திறந்தார்கள் என்பதற்கு எனக்கு வேறு விளக்கங்களும் உண்டு. கதைசொல்லலின் தொய்வு, பிள்ளைகளின் அவசரம். எல்லாம் உண்மையாக இருக்கலாம்.

இவ்வாண்டும் மெய்ப்பாட்டியல் நடத்தினேன். மருட்கைக்கு '2.0' என்றதும் வகுப்பு விழித்துக்கொண்டது. இப்போதைய பிள்ளைகள் அதைச் சிறுவயதில் பார்த்தவர்கள், பலருக்கும் கண்ணாடியும் கைநீட்டலும் நினைவிருக்கிறது. அழுகைக்கு அதே படத்தைச் சொன்னேன். "அதுல அழுற மாதிரி என்ன ஐயா இருக்கு?" என்று ஒருவன் உண்மையாகவே கேட்டான். அந்த மாணவியின் ஒப்படைவு இன்னும் என்னிடம் இருந்திருந்தால் அந்தப் பத்தியை வாசித்துக் காட்டியிருப்பேன். சிவப்பு மையோடு அவளிடமே கொடுத்துவிட்டேன்.

அப்பா காலையில் மாடிக் கைப்பிடிச் சுவரில் ஒரு பிடி கம்பு இறைக்கிறார். மைனா வருகிறது, அணில் வருகிறது, எண்ணெய்ச் சட்டி கழுவிய நாளில் காகமும் வருகிறது. என் மகன் மேலே கைப்பேசியோடு நிற்கிறான், படம் எடுக்க.