தொட்டால் தெரியாத இடம்

கொப்புளத்தை முதலில் பார்த்தது என் மகள்தான். "அம்மா, முட்டியில என்னம்மா அது?" என்றாள். குனிந்து பார்த்தேன். வலது முட்டிச் சில்லுக்குக் கீழே, வெளிப்பக்கத்தில், நெல்லிக்காய் அளவுக்கு நீர் கோத்திருந்தது. சாய அண்டா சுட்டிருக்கிறது. எப்போது என்று தெரியாது.

காளஹஸ்தியில் கலம்காரி வரைகிறேன். பிறந்தது காஞ்சிபுரம், வாழ்க்கைப்பட்டு வந்த ஊர் இது. துணியைக் கடுக்காயிலும் எருமைப் பாலிலும் ஊறவைத்து, மூங்கில் கலத்தால் கோடிழுத்து, படிகாரம் தடவிய இடம் சிவப்பேற அண்டாவில் கொதிக்கவிட வேண்டும். முக்காலியில் உட்கார்ந்து விறகைத் தள்ளிக்கொண்டே இருப்பேன். 20 வருடங்களில் ஒருமுறைகூடச் சுட்டுக்கொண்டதில்லை. சூடு பட்டதுமே கால் தானாக விலகிவிடும்.

2023 ஆகஸ்டில் ஸ்கூட்டரோடு விழுந்ததில் முட்டிக்குள்ளே முன் சிலுவை லிகமெண்ட் அறுந்தது. சென்னையில் ஆபரேஷன். தொடையின் பின்பக்கத்து நாண்களை எடுத்து, எலும்பில் துளையிட்டு, புது லிகமெண்டாகப் பொருத்தினார்கள். நடை திரும்பிவிட்டது. ஆனால் கட்டுப் பிரித்த அன்றே முட்டியில் உள்ளங்கை அகலத்துக்கு மரத்துக் கிடந்தது. மயக்க ஊசியின் மிச்சம் என்று நினைத்தேன். தெலுங்கில் இதற்குத் திம்மிரி என்று பெயர், தமிழில் திமிர். "உனக்கு அது முன்பே உண்டே" என்றார் மாமியார்.

ஐந்தாவது மாதம், கொப்புளத்தோடு போனபோதுதான் டாக்டர் விளக்கினார். சஃபீனஸ் நரம்பின் மெல்லிய கிளை ஒன்று முட்டியின் உட்பக்கத்திலிருந்து கிளம்பி, சில்லுக்குக் கீழே குறுக்காக வெளிப்பக்கம் போகிறது. நாண் எடுக்க வெட்டும் இடம் அதன் பாதையிலேயே இருக்கிறது. வெட்டு உள்ளே, மரப்பு வெளியே என்ற என் குழப்பம் அப்போதுதான் தீர்ந்தது. அந்தக் கிளைக்குத் தோலின் உணர்ச்சி மட்டுமே வேலை. தசையின் பலம் குறையாது. "இது ரொம்பப் பேருக்கு வர்றதுதாம்மா" என்றார்.

ரொம்பப் பேருக்கு வருவதை ஆபரேஷனுக்கு முன்பே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே? கையெழுத்திட்ட தாளில் எங்காவது இருந்திருக்கும். அவர்களுக்கு அது சின்ன விஷயம். முட்டி மடக்கி நெருப்பருகே பிழைப்பவளுக்கு அப்படியில்லை. ஒத்தடம் கொடுத்தால் சூட்டைக் கையால் பார்த்துவிட்டு வை, ஐஸையும் துணியில் சுற்றி வை என்று இரண்டு வரி போதும்.

நரம்பு வளரும் வேகம் நாளுக்குச் சுமார் 1 மில்லிமீட்டர்தானாம். சிலருக்கு முழுதாகத் திரும்புவதே இல்லை. மாதப் பிறப்பன்று பஞ்சால் தொட்டுப் பார்த்து, மரத்த இடத்தைச் சுற்றிப் பால்பாயிண்ட் பேனாவால் எல்லை போட்டேன். வரைகிறவளுக்கு வேறென்ன தெரியும்? உள்ளங்கை அகலம் ஒரு வருடத்தில் எலுமிச்சம்பழமாகச் சுருங்கியது. விளிம்பில் நடுவே சில மாதங்கள் புடவை உரசினாலே எறும்பு ஊர்ந்தது. அது உயிர் திரும்பும் அறிகுறி என்றார்கள். அதற்குப் பிறகு சுருங்கவில்லை.

இது வாயு ஸ்தலம். தொடு உணர்வு காற்றின் குணம் என்பது சாஸ்திரம். சாயங்காலம் சுவர்ணமுகி பக்கமிருந்து காற்று வரும்போது திண்ணையில் கால் நீட்டி உட்காருகிறேன். எலுமிச்சம்பழ அளவு இடத்துக்கு மட்டும் அது வந்தது தெரிவதில்லை.

முக்காலியை மறுபக்கம் மாற்றிப் போட்டுவிட்டேன். அண்டாவுக்கு அருகில் இப்போது இருப்பது இடது முட்டி.