எட்டு எழுத்துக்குள் விழிக்க வேண்டும்

ஆனைமலையில் எங்கள் தென்னந்தோப்புக் கிணற்று மேட்டில் பழைய மோட்டார் ஒன்று இருந்தது. வாய்க்கால் திருப்பும் ஐந்து நிமிடத்துக்கு அதை நிறுத்தப் போனால் அப்பா தடுப்பார். "சும்மா சும்மா அமத்தாத கண்ணு, ஃபுட் வால்வுல தண்ணி எறங்கிருச்சுன்னா மறுக்கா ஊத்தி ஏர் எடுக்கோணும்." நிறுத்தி மிச்சமாகும் தண்ணீரைவிட மறுபடி ஓட வைக்கும் பாடு பெரிது. லினக்ஸ் கர்னலில் செயலியை உறங்க வைக்கும் பகுதியில் வேலைக்கு இறங்கியபோது நான் சந்தித்தது அதே கணக்கைத்தான்.

வேலை இல்லாத செயலி பல ஆழங்களில் உறங்கலாம். ஆழம் கூடக் கூட கடிகாரம் நிற்கும், கேஷ் காலியாகும், மின்னழுத்தமே விலகும். எழும்போது அத்தனையையும் மீட்டாக வேண்டும். இன்டெலின் ஸ்கைலேக் செயலிக்குக் கர்னலில் ஓர் அட்டவணை இருக்கிறது. மேலோட்டமான சி1 நிலையிலிருந்து எழ 2 மைக்ரோ விநாடி போதும். சி6 என்றால் 85. உள்ளே 200 மைக்ரோ விநாடியாவது இருந்தால்தான் கட்டுபடியாகும். சி10 நிலைக்கு 890, கட்டுபடியாக 5000.

எவ்வளவு நேரம் உறங்கப்போகிறோம் என்பதோ உறங்கும் முன் தெரியாது. அடுத்த டைமர் எப்போது என்று கர்னலுக்குத் தெரியும். நெட்வொர்க்கில் ஒரு பாக்கெட் எப்போது வந்து எழுப்பும் என்று தெரியாது. 2007 ஒட்டாவா லினக்ஸ் மாநாட்டில் வெங்கடேஷ் பள்ளிபாடி, ஷாவோஹுவா லி, ஆடம் பெலே மூவரும் முன்வைத்த சிபியுஐடில் அமைப்பை இன்றும் வியந்து படிக்கிறேன். எந்தெந்த நிலைகள் உண்டு என்று சொல்வது டிரைவர், எதில் இறங்குவது என்று முடிவெடுப்பது கவர்னர் என்று வேலையைப் பிரித்தார்கள். அதனால்தான் கணிக்கும் முறையை மட்டும் தனியே திருத்த முடிகிறது. மெனு கவர்னர் அடுத்த டைமரோடு கடைசி எட்டு உறக்கங்களின் நீளத்தையும் பார்க்கும். ரஃபேல் வைசாக்கி எழுதி 2019இல் கர்னலில் சேர்ந்த டியோ கவர்னர், டைமருக்கு முன்பே எழுப்பப்பட்டது எத்தனை முறை என்று எண்ணி வைக்கும்.

தோப்பில் நான் வைத்த சிறு லினக்ஸ் போர்டு கிணற்று நீர்மட்ட சென்சாரிடம் சீரியல் போர்ட் வழியாகக் கேள்வி அனுப்பி, 24 எழுத்தில் பதில் வாங்கும். பகலில் ஒழுங்காக இருந்தது. இரவில் பதில் பாதியில் முறிந்தது. கேபிளைச் சந்தேகித்து இரண்டு முறை மாற்றினேன். பிறகுதான் பொறிதட்டியது: பகலில் மோட்டாரின் ஆம்பியரை ஓயாமல் படிப்பதால் செயலி ஆழத்துக்குப் போவதே இல்லை. இரவில் அந்த வேலை கிடையாது. பதிலுக்குக் காத்திருக்கும் சிறு இடைவெளியில், அடுத்த டைமர் தொலைவில் இருப்பதைப் பார்த்து கவர்னர் அடியாழத்துக்கு இறக்கிவிட்டது. சீரியல் போர்ட்டின் இடையகத்தில் 16 எழுத்துக்கு இடம். எட்டு சேர்ந்ததும் எழுப்பும். 115200 வேகத்தில் மீதி எட்டும் நிரம்ப 0.7 மில்லி விநாடி. அந்த நிலையிலிருந்து எழவோ ஒரு மில்லி விநாடிக்கு மேல்.

ஆழ நிலையையே அடைத்துவிடலாம். ஆனால் சோலார் பேட்டரியில் ஓடும் போர்டு. இரவெல்லாம் அரைத்தூக்கம் தூங்கினால் பேட்டரி விடியும்வரை தாங்காது. கேள்வி அனுப்பும் கணத்தில் மட்டும், எழுவதற்கு இவ்வளவு தாமதத்துக்கு மேல் கூடாது என்று கர்னலின் பிஎம் கியூஓஎஸ் வசதி வழியாக வரம்பு கேட்கவும், பதில் முடிந்ததும் அதை விலக்கவும் சீரியல் போர்ட்டின் டிரைவரைத் திருத்தினேன். மறுநாள் விடியற்காலை, மோட்டார் போடும் முன் பதிவுக் கோப்பைத் திறந்தேன். ஒரு வரிகூட முறியவில்லை.